கைப்பேசியில் பாடம்: நாம் நம்புவதும் நடப்பதும்

பள்ளி ஆண்டு விழா மேடையிலிருந்து தொழிற்சாலையின் பயிற்சி அறை வரை, கல்வியும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் என்று பேச்சுத் தொடங்கினால் அதே ஏழெட்டு வாக்கியங்கள்தான் காதில் விழுகின்றன. யார் முதலில் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று நாம் கேட்பதில்லை. பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. ஆனால் இந்த வாக்கியங்களை நம்பித்தான் பெற்றோர் கடன் வாங்கிக் கருவி வாங்கித் தருகிறார்கள். பள்ளிகள் கட்டணத்தை ஏற்றுகின்றன. நிறுவனங்கள் பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மென்பொருளுக்குப் பணம் கட்டுகின்றன. கணக்குத் தப்பினால் இழப்பது பிள்ளையின் ஆண்டுகளையும் தொழிலாளியின் விரல்களையும். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

“கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும்.”

இந்த நம்பிக்கைக்கு வயது நூறுக்கு மேல். 1913-இல் தாமஸ் ஆல்வா எடிசன், பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி அதிக நாள் வேலை இல்லை, அசையும் படமே பாடத்தை நடத்திவிடும் என்று பேட்டி கொடுத்தார். பிறகு வானொலியைப் பற்றி அதையே சொன்னார்கள்; தொலைக்காட்சியைப் பற்றியும் சொன்னார்கள். நம் நாட்டில் 1975–76-இல் ‘சைட்’ திட்டம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சிகளை அனுப்பியது. 2004-இல் கல்விக்கென்றே ‘எஜுசாட்’ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. பயனில்லாமல் போகவில்லை. ஆனால் எந்தக் கருவியும் தன்னந்தனியாக ஒரு பிள்ளைக்குப் படிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடவில்லை.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த நாடு பெரு. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகத் திட்டத்தில் மிகப் பெரிய அளவில் இறங்கிய நாடுகளில் அதுவும் ஒன்று. கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் 15 மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்ணில் வேறுபாடு தென்படவில்லை. பிள்ளைகள் கணினியைத் தொடாமல் வைத்திருக்கவில்லை, நன்றாகவே பயன்படுத்தினார்கள். அதை எந்தப் பாடத்துக்கு, எந்த இடத்தில், எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை.

அப்படியானால் கருவியே வீண் என்று முடிவு கட்டுவோரும் தவறுகிறார்கள். டெல்லியில் பெரும்பாலும் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான 619 மாணவர்களை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெகாந்த்ரோ கனிமியன் ஆகியோர் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. பள்ளி முடிந்தபின் 45 நிமிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள், இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநருடன். வாய்ப்புக் கிடைத்த மாணவர்கள் நான்கரை மாதத்தில் கணக்கில் கண்ட முன்னேற்றம், கிடைக்காதவர்களைப் போல் சுமார் இரு மடங்கு. காரணம் எளிது. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்க, பிள்ளை மூன்றாம் வகுப்புக் கழித்தலில் நின்றிருந்தது. மென்பொருள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்கவில்லை. தடுமாறும் இடத்தைப் பார்த்து அங்கிருந்து தொடங்கியது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இதைச் செய்வது மிகக் கடினம். அந்த வேலையைக் கொடுத்ததால்தான் கருவி அங்கே பயன்பட்டது.

2011-இல் தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அந்த நியாயத்துக்காக அத்திட்டத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். வழங்கியதோடு வேலை முடிந்தது என்ற எண்ணத்தை ஆதரிக்க முடியாது. எத்தனை வழங்கினோம் என்று எண்ணிவிடலாம். பிள்ளைக்குப் பின்னக் கணக்குப் பிடிபட்டதா என்பதை அப்படி எண்ண முடியாது. எண்ண முடிந்ததையே சாதனை என்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு வேர்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனோடு பிறந்தவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.”

2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையொன்றால் ‘டிஜிட்டல் நேட்டிவ்ஸ்’ என்ற பெயர் பிரபலமானது. கவர்ச்சியான பெயர், அதனாலேயே பரவியது. ஆனால் 2018-இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணினி அறிவுத் தேர்வு வைத்தபோது உச்சநிலையைத் தொட்டவர்கள் 2 சதவீதம் மட்டுமே. கணினி வசதிக்குக் குறைவில்லாத டென்மார்க், பின்லாந்து, கொரியா போன்ற நாடுகளின் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழி நடக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்காவது போய் நில்லுங்கள். விரல் நுனியில் ரீல்ஸ் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கத் தெரிந்த பையன், சாதிச் சான்றிதழைச் சொன்ன அளவுக்குச் சுருக்கி ஏற்றத் தெரியாமல், அப்பாவின் கையிலுள்ள பணத்தைப் பார்த்தபடி வரிசையில் நிற்பான். அவன் சோம்பேறி இல்லை. அவனுக்குத் தெரியும் என்று நாம் முடிவுசெய்துவிட்டதால் யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். கோப்பு என்றால் என்ன, அது எங்கே போய் உட்காருகிறது, வந்த செய்தி உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பவை எல்லாம் பாடமாகவே சொல்லித்தர வேண்டியவை.

“கொரோனாவில் பார்த்தோமே, ஆன்லைன் வகுப்பே பள்ளிக்கு ஈடாகிவிட்டது” என்று ஒரு சாரார். “அந்த இரண்டு வருடத்துப் பிள்ளைகள் போனது போனதுதான்” என்று இன்னொரு சாரார்.

இரண்டு பேச்சையும் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டும் தவறு என்பதற்கு ஆதாரம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதை நாம் அறியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் இங்கே திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் யாரும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. பாடநூல்களில் 2018 முதலே அச்சிட்டிருந்த க்யூஆர் குறியீடுகள் காணொளிகளைத் திறந்தன. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள். பல ஊர்களில் தெருத் தெருவாகப் போய் வகுப்பெடுத்தார்கள். அதன்பின் அளந்து பார்த்தது ஓர் ஆய்வுக் குழு. கிராமப்புறத் தமிழ்நாட்டில் 220 கிராமங்கள், சுமார் 19,000 குழந்தைகள், வீடு வீடாகச் சென்று தேர்வு. 2019-இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் விழுந்திருந்த பள்ளம் மிகப் பெரியது. தமிழில் அதில் ஏறக்குறையப் பாதி. தமிழ் வீட்டிலும் தெருவிலும் புழங்குகிறது. கடன் வாங்கிக் கழித்தல் புழங்குவதில்லை. திரை பள்ளிக்கு ஈடாகவில்லை என்பது இதோடு தீர்ந்தது.

அடுத்தது அதைவிட முக்கியம். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவந்துவிட்டது. மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இருந்தது என்ன? ஊருக்குள்ளேயே படித்த பெண்கள்தான் பெரும்பாலும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். திண்ணை, கோயில் மண்டபம், அங்கன்வாடிக் கட்டடம். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள். அவர்கள் கையிலும் போன் இருந்தது, வருகையைப் பதிவுசெய்ய, பாட்டுப் போட்டுக் காட்ட. ஆனால் “கண்ணு, இங்க பாரு, பத்துல ஒண்ணக் கடன் வாங்கிட்டயா?” என்று சிலேட்டைத் திருப்பிப் பார்த்தது ஒரு மனிதர்.

‘போனது போனதுதான்’ என்ற பேச்சின் விலை சாதாரணமானதல்ல. அதை நம்பும் ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பதை நிறுத்துகிறார். நம்பும் முதலாளி ‘கொரோனா பேட்ச்’ என்று விண்ணப்பத்தை ஒதுக்குகிறார். காலம் கடந்தும் மீட்கக்கூடிய ஒன்றை, மீட்க முடியாது என்ற பேச்சாலேயே நாம் இழக்கிறோம்.

“உலகத்தரப் பாடம் இலவசமாகக் கிடைக்கும்போது கல்லூரி எதற்கு?”

கிடைப்பது உண்மை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்களால் சிறுநகரக் கல்லூரி மாணவர்கள் அடைந்த நன்மை பெரிது. ஆனால் பாடம் கிடைப்பதும் படித்து முடிப்பதும் வேறு. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையப் பாடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பதிவுசெய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017–18-இல் முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். மன உறுதி இல்லாதவர்கள் என்று மாணவர் மேல் பழிபோட்டு ஒதுங்க வேண்டாம். கல்லூரி என்பது பாடக் குறிப்பு மட்டும் இல்லையே. குறித்த நாளில் தேர்வு, பக்கத்து இருக்கையில் நண்பன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒருவர், இவையும் சேர்ந்ததுதான். சென்னை ஐஐடி தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது, வகுப்பை இணையத்தில் வைத்தாலும் வாராவாரம் ஒப்படைவு வைத்தார்கள். முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் வந்து எழுதச் செய்தார்கள். கல்லூரியின் அந்த ஒழுங்கை அப்படியே உள்ளே கொண்டுவந்தார்கள்.

பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு போட்டுக் காட்டப்படும் ஒரு கணக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். படித்ததில் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டதில் 20, பார்த்ததில் 30, செய்ததில் 90 என்று ஒரு கூம்பு. ஆசிரியர் பயிற்சியிலும் மனிதவளத் துறைக் கூட்டங்களிலும் இதைப் பார்க்காதவர் குறைவு. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் ஒரு கூம்பை வரைந்தது உண்மை. அதில் ஒரு சதவீதமும் இல்லை. எண்களைப் பிற்காலத்தில் யாரோ ஒட்டினார்கள். எந்த அளவீட்டிலாவது விடைகள் இப்படிப் பத்து பத்தாக வரிசைகட்டி வருமா என்று நாம் ஒருமுறை யோசித்திருந்தால் போதும்.

இதற்கு உடன்பிறந்தது ‘கற்றல் பாணி’. சிலர் கண்ணால் படிப்பவர்களாம், சிலர் காதால், சிலர் கையால். அதற்கேற்பப் பாடம் தரும் செயலிதான் நல்ல செயலியாம். ஹெரால்டு பேஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இந்தக் கொள்கைக்கான ஆதாரங்களைத் தேடிச் சலித்தார்கள். பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் விருப்பம் உண்டு; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாடப்பொருள். நிலப்படத்தைப் பார்த்தாக வேண்டும். ராகத்தைக் கேட்டாக வேண்டும். வெல்டிங் டார்ச்சைப் பிடித்தாக வேண்டும். இந்தப் பொய் ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது? தோற்ற பிள்ளைக்கு அது மரியாதையான ஒரு காரணத்தைத் தருகிறது. ஆனால் “நீ காதால் படிக்கிற ஆள்” என்று ஒரு செயலி சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பிள்ளை வாசிக்கும் முயற்சியையே விட்டுவிடுகிறது. வாசிப்பு வராத பிள்ளைக்குக் கூடுதல் வாசிப்புப் பயிற்சிதான் தேவை, விலக்கு அல்ல.

“எங்கள் ஆலையில் அனைவரும் பயிற்சி முடித்துவிட்டார்கள். இதோ, நூறு சதவீதம்.”

கோவைப் பக்கம் ஓர் உலோகத் தொழிற்சாலை. ஷிப்ட் மாறும் நேரம். வெளியே கம்பெனி பஸ் இன்ஜினைப் போட்டுவிட்டது. முப்பது வயதுக்காரர் ஒருவர் கேட்டருகே நின்றபடி போனில் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்கிறார். 38 ஸ்லைடு, ஆங்கிலத்தில். கட்டைவிரல் ‘நெக்ஸ்ட்’ பொத்தானின் மேலேயே இருக்கிறது. கடைசியில் பத்துக் கேள்வி. “பி, டி, ஏ, ஏ” என்று பக்கத்திலிருந்தவர் விடைகளை ஒப்பிக்கிறார். அவர் நேற்று முடித்தவர். தவறினாலும் மறுபடி எழுதலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். சான்றிதழ் வந்துவிட்டது. அலுவலகத்துத் திரையில் அவர் பெயருக்கு எதிரே பச்சை.

அவரோடு பஸ் வரை நடந்தேன். “மெஷின் ஜாம் ஆயிடுச்சுன்னா முதல்ல என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன். நொடிகூட யோசிக்கவில்லை. “மெயின ஆஃப் பண்ணணும்ங்க. பூட்டுப் போட்டு சாவிய நம்ம பையில போட்டுக்கணும். அதுக்கப்புறந்தான் கைய உள்ள விடணும்.” போனில் படித்ததா என்றேன். “இல்லீங்க, எங்க சூப்பர்வைசர் அண்ணன் சொன்னது. சேர்ந்த புதுசுல ஒரு வாரம் தினமும் கேப்பாரு. சொல்லாட்டி மெஷின்கிட்டயே விடமாட்டாரு.”

அந்த அண்ணன் செய்ததற்கு அறிவியலில் பெயர் இருக்கிறது. கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885-இலேயே அளந்து வெளியிட்டார். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதம். பாடம் முடிந்த கையோடு வைக்கும் பத்துக் கேள்வி நம்மை ஏமாற்றுவது இதனால்தான். சரியாகச் சொன்னார் என்பது அந்த நிமிடத்துக்கு உண்மை. அடுத்த மாதம் பவர் பிரஸ் முன்னால் நிற்கும்போது உண்மையா என்பது வேறு கேள்வி.

போனால் இதைச் செய்ய முடியாதா? அருமையாகச் செய்ய முடியும். 38 ஸ்லைடை ஒரே மூச்சில் தள்ளுவதற்குப் பதில், இன்று ஒரு கேள்வி, மூன்று நாள் கழித்து அதே கேள்வி வேறு வடிவில், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. தமிழில், அந்த மெஷினின் படத்தோடு. தவறியவர் பெயர் சூப்பர்வைசருக்குப் போனால், ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் டாக்கில் அவரை நேரில் கேட்கலாம். இதற்குச் செலவு குறைவு. ஆனாலும் நடப்பதில்லை, ஏனெனில் பொருள் வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர் கேட்பது சான்றிதழை. சான்றிதழைத் தருவதற்கென்றே கட்டிய பயிற்சி சான்றிதழைத்தான் தரும்.

“சிமுலேட்டர் வந்துவிட்டது, பட்டறை வேண்டாம்” என்பதையும், அதற்கு நேர்மாறாகப் பட்டறையில் வளர்ந்தவர்கள் சொல்லும் “திரையில் ஆடுவதெல்லாம் வேலை கற்றுக்கொள்வதாகுமா” என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

பாவனைப் பயிற்சி புதிதல்ல. எட்வின் லிங்க் என்பவர் விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டியை உருவாக்கியது 1929-இல். இரண்டாம் உலகப் போரின் விமானிகள் லட்சக்கணக்கில் அதில் பழகினார்கள். அறுவை மருத்துவத்திலும் பார்த்திருக்கிறோம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேருக்கு மெய்நிகர் கருவியில் பழக்கம் கொடுத்துவிட்டுப் பித்தப்பை அறுவையில் விட்டார்கள். அவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள். பழகாதவர்கள் செய்த தவறு சுமார் ஆறு மடங்கு. ஆகவே விளையாட்டு என்று தள்ளுவது அறியாமை.

ஆனால் எது எதற்கு என்று தெரிய வேண்டும். வெல்டிங் சிமுலேட்டரில் டார்ச்சின் கோணம், வேகம், தூரம் மூன்றையும் நூறு முறை பழகலாம். ராடும் தகடும் வீணாகாது, தவறு உடனே திரையில் தெரியும். உருகிய உலோகத்தின் சூடும் புகையும், தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்தபடி பதினைந்து நிமிடம் நிற்கும் தோள்வலியும், தகட்டில் துருவும் எண்ணெயும் இருந்தால் ஆர்க் எப்படிச் சீறும் என்பதும் அதில் வராது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை நவீன மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். ரோபோவும் சிஎன்சியும் வந்திருக்கின்றன. நல்ல செய்தி. அதைக் காரணம் காட்டி ஃபிட்டர் பிரிவில் அரம் பிடிக்கும் மணிநேரத்தைக் குறைக்கச் சொல்வோரின் பேச்சைக் கேட்கக் கூடாது. அரத்தைச் சமமாகத் தள்ளக் கற்ற கைதான், வெர்னியரைப் பிடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் அளவு பொய்யாகும் என்று உணர்கிறது. அந்த உணர்வு இருப்பவருக்குத்தான் சிஎன்சியின் திரை காட்டும் எண்ணைச் சந்தேகிக்கத் தெரியும்.

“ஏஐ எல்லாவற்றையும் விளக்கிவிடும், அதோடு படித்தால் மதிப்பெண் தானாக ஏறும்.”

துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைக் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகளை மட்டும் தரும் கருவி. மூன்றாவது குழுவுக்கு வெறும் புத்தகம். பயிற்சி நேரத்தில் முதல் குழு, புத்தகக் குழுவைவிட 48 சதவீதம் சிறப்பாகச் செய்தது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது அதே குழு, கருவியையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை.

வீட்டுப்பாடம் பிழையில்லாமல் வருவதைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்கிறார்கள்; ஆசிரியருக்கோ பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்ற தடயமே கிடைப்பதில்லை. கொஞ்சம் சிரமப்பட்டுத் தேடிய விடைதான் மனதில் தங்குகிறது. சிரமத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் தங்க எதுவும் இல்லை. பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து மென்பொருள் அலுவலகங்களில் முதல் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். ஏஐ எழுதித் தந்த நிரல் ஓடுகிறது. நள்ளிரவில் அது நின்றால், எங்கே நின்றது என்று தேடும் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? பயிற்சிக் காலத்தில் முதலில் நீயே எழுது, பிறகு ஏஐ-யிடம் காட்டித் திருத்து என்ற ஒரே ஒரு மாற்றம் போதும். கருவியைத் தடைசெய்யத் தேவையில்லை.

“நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் ஏறாது.”

ஏறியிருக்கிறது, நம் கண்ணெதிரே. வங்கிகளைக் கணினிமயமாக்க சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் பரிந்துரைத்தது. இருபது ஆண்டு லெட்ஜரில் எழுதிய கைகள்தான் பின்னர் விசைப்பலகைக்கு மாறின. இன்று அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார்கள். அவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் உண்டு. காய்கறித் தள்ளுவண்டியில் க்யூஆர் அட்டையை மாட்டியிருக்கும் பாட்டிக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

வயதானவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தால், தடை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துச் சிறிதாக இருக்கிறது. மெனு பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது. சொல்லித்தர வந்தவர் தானே நான்கு முறை தட்டிக் காட்டிவிட்டு “புரிஞ்சுதாக்கா?” என்று கேட்டுப் போய்விடுகிறார், போன் கைமாறவே இல்லை. மகன் வயதுப் பையன் முன்னால் தெரியாது என்று சொல்ல அந்த அக்காவுக்குக் கூச்சம்; தலையாட்டிவிடுகிறார். மறுநாள் பள்ளி முடிந்து வந்த மகளிடம் கேட்டு, அடுப்படியில் நின்றபடி கற்றுக்கொள்கிறார். அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பிறகு, “இவங்களுக்கெல்லாம் வராது சார்” என்று அறிக்கை எழுதுகிறோம்; பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் விலகுகிறது.

அடுத்த முறை ஒரு புதிய செயலியை அனுப்பும் துறையும் நிறுவனமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பணி நேரத்துக்குள்ளேயே வாரம் ஒரு மணி நேரம், நான்கு வாரத்துக்கு. போன் கற்பவர் கையில். சொல்லித்தருபவர் கை பின்னால். அந்த நான்கு மணி நேரத்தைச் சம்பளக் கணக்கில் எழுதிவிட்டு, அதன்பிறகு யாருக்கு ஏறவில்லை என்று சொல்லட்டும்.